சாரல் ஓயட்டும், பிறகு படகு

குற்றால சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களை அப்படியே படகில் ஏற்றித் தீவுகளைக் காட்டிவிடலாமா என்று குத்துக்கல்வலசை வாசகர் ஒருவர் கேட்கிறார். சீசனில் வேண்டாம். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டவைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் கொல்லத்துக் கடலையும் புரட்டிப் போடுகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள்.

தென்காசியிலிருந்து தூத்துக்குடியும் கொல்லமும் ஏறக்குறைய 100 கி.மீ.தான். குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு கொல்லத்துக்கு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. "நான் இறக்கிவிடுறேன் சார்" என்று எந்தப் படகுக்காரர் சொன்னாலும் ஏறாதீர்கள். ஆசை விடவில்லையா? பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல், நீண்டகரையில் அரபிக்கடலோடு சேருகிறது. பெரிய வீட்டுப்படகை வாடகைக்கு எடுத்து ஏசியில் தூங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மன்றோ தீவுக்குப் போய், கழி ஊன்றித் தள்ளும் சிறு வள்ளத்தைப் பேசுங்கள். வாய்க்கால்கள் அவ்வளவு குறுகல். நடைபாலங்களுக்கு அடியில் தலை குனிந்துதான் போக வேண்டும். தென்மலையைத் தாண்டி வரும் கல்லடையாறு சேர்த்த வண்டலில் உருவான பூமி இது. அணை வந்தபின் வண்டல் வரத்துக் குறைந்துபோக, வேலியேற்றத்தில் (கடல் ஓதத்தில்) இப்போது வீட்டு வாசல்வரை தண்ணீர் வருகிறது. விடியற்காலையோ மூன்று மணிக்கு மேலோ ஏறுங்கள். நடுப்பகல் வெயில் தாங்காது. சிறுபிள்ளைகள் இருந்தால் அதே காயலில் உள்ள சாம்பிராணிக்கோடிக்குப் போங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நிற்கலாம்.

வாடகை பேசும்போது, அது படகுக்கா தலைக்கா, மணிக்கணக்கு எப்போது தொடங்குகிறது என்று முதலிலேயே கேளுங்கள். மோட்டார் படகென்றால் பதிவு எண்ணையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் படகு விபத்தில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டியதால்தான். குழந்தைக்குக் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால், கொடுத்த முன்பணம் போனாலும் இறங்கிவிடுங்கள். மதியம் கரிமீன் வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவையுங்கள்.