கூட எடுத்தால் கூடக் கேட்பார்களா?



போன மாதம் மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். பேருக்கு வேண்டிய கிலோவை எடுத்து முடித்த ஒரு அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். செடியில் கொழுந்தும் இருந்தது, பொழுதும் இருந்தது. "இன்னும் கொஞ்சம் எடுத்தா கைக்காசு கிடைக்குமே அக்கா?" என்று கேட்டோம். "இன்னைக்குக் கூட எடுத்தா நாளைக்கு அதையே பேருக்குக் கேப்பாங்க ஐயா" என்றார். பக்கத்தில் நின்ற கங்காணி, "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று முணுமுணுத்தார்.

கங்காணி சொன்னது சரியில்லை என்றே எங்களுக்குப் பட்டது. ஏனென்றால் அந்த அக்கா சொன்ன அதே கதை, பெரிய ஆராய்ச்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக்குப் பக்கத்தில் ஹோதோர்ன் என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிச் சாமான்கள் செய்யும் இடம். தொழிலாளிக்கு வேலையில் ஊக்கம் எப்படி வருகிறது என்று 1924 முதல் 1932 வரை அங்கே ஆராய்ந்தார்கள். 1927இல் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து வேலை செய்ய விட்டார்கள். இடையில் ஓய்வு கொடுத்தார்கள், சாப்பிட ஏதாவது கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி கூடியது. பிறகு எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் பழைய அளவுக்கு இறங்கவில்லை! நம்மையும் மதித்து நாலு வார்த்தை கேட்கிறார்கள் என்ற எண்ணமே காரணம் என்று எல்டன் மேயோ என்ற பேராசிரியர் விளக்கினார்.

நிர்வாக வகுப்புகளில் இந்தக் கதையைச் சந்தோசமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த அறைக்குப் போனதும் கூலிக் கணக்கும் மாறியது. பெரிய கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்காமல், அந்த ஐந்து பேர் செய்ததற்கே பணம் கணக்கிடப்பட்டது. அதோடு, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை 1928இல் மாற்றியும் விட்டார்கள். அன்பான பேச்சு மட்டும்தான் கூடையை நிறைத்தது என்று யாராவது சொன்னால் இதையும் ஞாபகப்படுத்துங்கள்.

நமக்கு வேண்டிய பகுதி 1931இல் தொடங்கியது. இன்னொரு அறையில் 14 ஆண்கள். கம்பி இணைக்கும் வேலை. கூடச் செய்தால் கூடக் காசு. ஆனாலும் அவர்கள் தங்களுக்குள்ளே ஒரு அளவு வைத்துக்கொண்டு அதோடு நிறுத்தினார்கள். யாராவது தாண்டிப் போனால் கேலி செய்வார்கள், கையில் ஒரு குத்தும் விடுவார்கள். ஏன் என்றால், அதிகம் செய்து காட்டினால் கூலி வீதத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். நம்ம அக்கா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1959இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. கூலி, மேற்பார்வை, வேலை நிலைமை இவை சரியில்லாவிட்டால் மனக்கசப்பு வரும்; ஆனால் அவை சரியானால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது, செய்த வேலைக்கு மதிப்பும் பொறுப்பும் வேண்டும் என்றார். நல்ல கருத்துத்தான். ஆனால் அவர் கேட்டது பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும். லயத்துக் கூரை ஒழுகும் வீட்டில் கூலியைத் தள்ளிவைத்துப் பேச நமக்கு முடியாது.

ஆகவே கங்காணிமாருக்கு ஒன்று சொல்கிறோம். தராசில் நிற்கும் கிலோவைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதை நிறுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பேருக்குரிய கிலோவை மாற்றுவதாக இருந்தால் காலையில் பிரட்டுக்களத்திலே காரணத்தோடு சொல்ல வேண்டும், பின்னேரம் தராசடியில் அல்ல. முன்பு ஒரு தோட்டத்தில் நாம் வேலை செய்தபோது கழிவு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அங்கே கைக்காசுக்கு யாருமே கொழுந்து எடுக்கவில்லை. குற்றம் பெண்கள் மேல் போட்டார்கள். நாமும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

கொழுந்தெடுக்கும் அக்காமார், தங்கச்சிமாருக்கு: துண்டில் எழுதிய கிலோவைப் பார்த்து வாங்குங்கள். வாசிக்கச் சிரமம் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டி, கொப்பியில் நாளுக்கு நாள் எழுதி வையுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தக் கொப்பியோடு நலன்புரி அறைக்கு வாருங்கள்.