மோட்டார் வண்டியில் உஷ்ண மிகுதி

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் மோட்டார் வண்டியில் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டினால், வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தை உடனே நிறுத்தவேண்டும். சந்தைக்கு நேரமாயிற்றென்று மேலும் ஓட்டினால் சிலிண்டர் தலை கோணிப்போகும்; ரிப்பேர்ச் செலவு அன்றைய வரும்படியை விழுங்கிவிடும்.

சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தினால் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் கொதியாதிருக்கும் ஜலம், மூடி தளர்ந்தவுடன் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். அரைமணிக்குக் குறையாமல் ஆறவிட்ட பின்னரே பரிசோதிக்கவும்.

முதலாவது, ஜலம் குறைந்து ரப்பர்க் குழாயில் ஈரம் கண்டால் ஒழுக்கென்று அறியவும். இரண்டாவது, ஜலம் நிறைந்திருப்பின் விசிறியையும் பெல்ட்டையும் பார்க்கவும். மூன்றாவது, ரேடியேட்டர் இடுக்குகளில் பதரும் தூசியும் அடைத்திருப்பின் மெல்லிய பிரஷினால் நீக்கவும். இவை யாவும் சரியாயிருப்பின் பழுது தெர்மோஸ்டாட்டிலோ பம்பிலோ இருக்கலாம். அதை மெக்கானிக்கே பார்க்கவேண்டும்.