பழைய இயந்திரக் கட்டுமானப் பெட்டிகளைச் சேர்த்தலும் காத்தலும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கான வழிகாட்டி

துளையிட்ட உலோகப் பட்டைகளையும் தகடுகளையும் போல்ட், நட்டு கொண்டு பூட்டி, பாரந்தூக்கி, பாலம், லாரி எனச் சிறு பொறிகளைக் கட்டியெழுப்புவதற்கான விளையாட்டுப் பொருள் தொகுதிகளே இயந்திரக் கட்டுமானப் பெட்டிகள் எனப்படுகின்றன. லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்று, 1907 முதல் மெக்கானோ என்னும் பெயரில் விற்ற பெட்டியே இவற்றுள் முதன்மையானது. அதன் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. 1934இல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் நுண்கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறியின் முன்மாதிரியை மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே அமைத்தனர். 1961இல் ஒட்டோ விக்டர்லே மென்மையான கண்வில்லைகளை வார்க்கும் பொறியைச் செக் நாட்டு மெர்க்கூர் பெட்டியின் துண்டுகளால் செய்தார். தகட்டை வளைப்பதும் துளையிடுவதும் பூட்டுவதும் அன்றாடப் பிழைப்பாக உள்ள ஆவடி, எண்ணூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களில் இப்பெட்டிகளைச் சேகரிப்பவர், பொருளை மட்டுமன்றி அதைப் பூட்டிய கைகளின் வரலாற்றையும் சேர்த்துக் காக்க வேண்டியவராகிறார்.

தேடத் தொடங்கும் முன், இவ்வட்டாரத்தில் எவை கிடைக்கக்கூடும் என்பதை அறிந்துகொள்வது முதற்படியாகும். 1957ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து நுகர்பொருள் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், ஆங்கிலேய மெக்கானோ பெட்டிகளுள் பெரும்பாலானவை அதற்கு முன் வாங்கப்பட்டவையாகவோ, பின்னர் வெளிநாடு சென்று திரும்பியவர்கள் கொண்டுவந்தவையாகவோ இருக்கும். இக்கட்டுப்பாடு நீடித்த பதிற்றாண்டுகளுக்குரியவை உள்நாட்டுத் தயாரிப்புகள். மும்பையின் செஃபிர் நிறுவனம் வெளியிட்ட மெக்கானிக்ஸ் பெட்டிகள் அவற்றுள் பலருக்கும் நினைவிருப்பவை. இறக்குமதியின் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கிய பின் வந்தவை மூன்றாம் அடுக்கு. உள்நாட்டுப் பெட்டிகளை மட்டமானவை என ஒதுக்குவது பெரும் பிழை. தமிழ்நாட்டுச் சிறுவர்களின் கைகளில் மிகுதியும் புழங்கியவை அவையே, ஆயினும் அவற்றைப் பற்றிய எழுத்துப் பதிவு மிகக் குறைவு.

அடுத்த படி தேடல். சென்னையின் பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பின், பழம்பொருள் தேடுவோர் மிகுதியாக நாடுவது பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையை. எனினும் அதைவிடப் பயனுள்ள இடங்கள் பெரம்பூரின் இரயில்வே குடும்பங்களும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வுபெற்றோரின் வீடுகளுமாகும். வீடு மாற்றும்போதும் பரண் ஒழிக்கும்போதும் பெட்டிகள் வெளிவருகின்றன. அப்போது அவை சென்று சேர்வது காயலான் கடைக்கு. அங்கு பெட்டி எடைக்கு எடை இரும்பாகிறது. பித்தளைக்கு விலை கூடுதல் என்பதால் பல்சக்கரங்கள் முதலில் பிரித்தெடுக்கப்படுகின்றன. எஞ்சிய பட்டைகள் கழிவிரும்போடு சேர்ந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தின் உருக்காலைகளில் உருகிக் கட்டுமானக் கம்பியாகிவிடக்கூடும். ஆதலால் திருவள்ளூர், பொன்னேரி, மீஞ்சூர்க் கடைக்காரர்களிடம் ஒரு துளைப்பட்டையை மாதிரியாகக் கொடுத்து, இத்தகையவை வந்தால் எடுத்துவைக்குமாறும், குறிப்பாகப் பித்தளைச் சக்கரங்களைப் பிரிக்காதிருக்குமாறும் கேட்டுக்கொண்டு, இரும்பு விலைக்கு மேல் நியாயமான தொகை தருவதாக முன்கூட்டியே சொல்லிவைப்பது பலன் தரும்.

கிடைத்ததை இனங்காண ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். மெக்கானோவில் அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையேயான தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.; மெர்க்கூரில் அது 10 மி.மீ. ஆங்கிலேய மெக்கானோவின் போல்ட் 5/32 அங்குல விட்வொர்த் மரை கொண்டது. இன்றைய வன்பொருள் கடைகளில் கிடைக்கும் 4 மி.மீ. மெட்ரிக் நட்டு அளவில் ஏறக்குறைய ஒத்திருந்தாலும், அதன் மரை நெருக்கம் வேறானது என்பதால், ஓரிரு சுற்று ஏறி இறுகும். வலிந்து முடுக்கினால் பழைய போல்டின் மரை அழிந்துவிடும். காலத்தைக் கணிக்க நிறமே முதல் சான்று: 1926 வரை நிக்கல் பூச்சு, அதன்பின் சிவப்பும் பச்சையும், 1934 முதல் நீலமும் பொன்னிறமும், இரண்டாம் உலகப் போருக்குப்பின் மீண்டும் சிவப்பும் பச்சையும், 1964 முதல் மஞ்சள், கறுப்பு, வெள்ளி நிறங்கள், 1970 முதல் மஞ்சளும் நீலமும் துத்தநாக முலாமும். ஒரே பெட்டிக்குள் பல நிறங்கள் கலந்திருந்தால் அதைப் போலி எனக் கருத வேண்டியதில்லை. எண் 1 பெட்டியை வைத்திருப்பவர் 1ஏ என்னும் துணைப்பெட்டியை வாங்கினால் அது எண் 2 ஆகும்படி முறை வகுக்கப்பட்டிருந்தமையால், அண்ணன் தொடங்கிய பெட்டியைப் பல ஆண்டுகளுக்குப்பின் தம்பி வளர்த்திருக்கலாம். அத்தகைய கலப்பைப் பிரித்து நிறவாரியாக அடுக்குவது குடும்ப வரலாற்றைக் கலைப்பதாகும்.

இனங்கண்டபின் ஒவ்வோர் உறுப்பையும் எண்ணிப் பதிய வேண்டும். மெக்கானோவில் உறுப்புகளுக்கு நிலையான எண்கள் உண்டு: 12½ அங்குலப் பட்டை 1, 5½ அங்குலப் பட்டை 2, 2½ அங்குலப் பட்டை 5, நடுவே அச்சுத்துளையுள்ள வட்டத் தாங்குசக்கரம் 24, ஓரம் மடித்த தகடு 52. பெட்டிக்குரிய கையேட்டின் உள்ளடக்கப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருப்பது, இல்லாதது, வளைந்தது எனப் பேரேட்டில் எழுதிப் பெட்டிக்கு ஒரு வரிசை எண் இட வேண்டும்.

தூய்மைப்படுத்துதல் மிகுந்த பொறுமையைக் கோருவது. தொடங்கும் முன் எந்நிலையில் கிடைத்ததோ அந்நிலையிலேயே படமெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும், குழந்தைகளை இவ்வேலையில் ஈடுபடுத்துவதும் கூடா. துருவேறி இறுகிய நட்டுகளைத் துருவிளக்கும் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்துக் கழற்றலாம். வண்ணப் பட்டைகளை மென்மையான சோப்பு நீரில் பல்துலக்கியால் மெல்லக் கழுவி, ஈரம் துளைகளில் தங்காதபடி உடனே துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். நீலத் தகடுகளின் மீதுள்ள பொன்னிறக் குறுக்குக்கோடுகள் எளிதில் அழியக்கூடியவை. அவற்றுக்கு உலர்ந்த பருத்தித் துணி மட்டுமே பொருந்தும். வினிகர் துருவோடு துத்தநாக முலாமையும் கரைத்துவிடும். வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பயன்படுத்தும் புளியும் அமிலமே. அதைப் பல்சக்கரத்தில் தேய்த்தால் மேற்பரப்பு பளபளக்கும், ஆனால் அச்சைப் பற்றும் எஃகுத் திருகின் மரைக்குள் புகுந்த எச்சம் பின்னர் அதைத் துருவேற்றும். சாவி கொடுக்கும் மோட்டாரின் சுருள்வில்லை முழுதும் தளர்த்தாமல் உறையைத் திறக்கலாகாது. குறைந்த மின்னழுத்தத்துக்கான பழைய மின்மோட்டார்களை வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகுவது உயிருக்கே ஆபத்து.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சோதனை இங்கு எழுகிறது. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் மணல்வீச்சு, முலாம் பூசுதல், பவுடர் கோட்டிங் ஆகியவை எளிதில் கிடைக்கும் வேலைகள் என்பதால், மங்கிய பட்டைகளைக் கொடுத்துப் புதிதாக்கிவிடும் எண்ணம் சேகரிப்பாளருக்கு இயல்பாகவே தோன்றும். அதைச் செய்யவே கூடாது. மூல வண்ணமும், போல்ட் தலை பலமுறை அழுந்திய வட்டத் தடங்களும், ஏதோவொரு பாலத்துக்காக வளைத்து மீண்டும் நிமிர்த்திய பட்டையின் கூனலும் அப்பெட்டியில் எழுதப்பட்ட சான்றுகள். மணல்வீச்சு ஒருமுறை அழித்ததை எவராலும் மீட்க இயலாது. அதே பட்டறைகளின் திறமையை வேறு வகையில் பயன்படுத்துவது முற்றிலும் தகும்: காணாமற்போன பட்டையை லேசர் வெட்டில் செய்விக்கலாம், பித்தளைப் பல்சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் உருவாக்கிப் பல் வெட்டலாம். எனினும் அத்தகைய ஒவ்வொரு நகலிலும், எளிதில் தெரியாத உட்புறத்தில், ஆண்டையும் நகல் என்பதற்கான குறியையும் பொறித்துப் பேரேட்டிலும் குறித்துவைக்க வேண்டும்.

பாதுகாப்பில் முதன்மையான பகை காற்றின் ஈரமும் உப்பும். எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கடற்காற்று படும் வீடுகளில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெட்டிகளை வெளிச்சுவரை ஒட்டாத எஃகு பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்கள் நிறம் மாறியவுடன் அவற்றைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்த வேண்டும். ரப்பர்ச் சக்கர உறைகளிலிருந்து வெளிப்படும் கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும் என்பதால் அவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். கிழிந்த அட்டைப் பெட்டிக்குச் செல்லோ டேப் ஒட்டலாகாது.

இறுதிப் படியான நினைவுப் பதிவைப் பலரும் தவிர்த்துவிடுகின்றனர். உண்மையில் காலம் கடந்தால் மீளாதது இதுவே. பெட்டியைத் தந்த குடும்பத்தாரைச் சந்தித்து, யார் வாங்கியது, எந்த ஊரில், முதலில் கட்டிய பொறி எது, எந்தத் துண்டு எப்போதும் போதாமல் போனது, பிற்காலத்தில் ஐ.டி.ஐ. பயிற்சியிலோ ஆலையிலோ அந்தக் கைப்பழக்கம் உதவியதா எனக் கேட்டு, பெட்டியை அவர்கள் முன் திறந்துவைத்துப் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். வெறும் கேள்விகளைவிட ஒரு தகட்டைக் கையில் கொடுப்பது நினைவைத் தூண்டும். மெக்கானோ விளம்பரங்கள் நெடுங்காலம் சிறுவர்களை நோக்கியே அமைந்திருந்தமையால், அவ்வீட்டின் அக்கா, தங்கையரையும் மறவாமல் கேட்க வேண்டும். பெட்டி வாங்க வசதியற்றிருந்த தொழிலாளர் வீடுகளில் நுங்கு வண்டியும், பழைய பேரிங் பூட்டிய மரவண்டியும் அதே பொறிக்கல்வியைத் தந்தன என்பதால், அவற்றைச் செய்தவர்களின் விளக்கங்களையும் வரைபடத்தோடு இணைத்துக்கொள்வது தொகுப்பை முழுமையாக்கும். பேசியவரின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெற்று, ஒலிப்பதிவுக்கும் படங்களுக்கும் பெட்டியின் பேரேட்டு எண்ணையே இட்டு, ஒரு படியை அக்குடும்பத்திடமே ஒப்படைக்க வேண்டும்.