சிறுத்தை வந்த பூங்கா

தில்லி வழியாக யமுனை ஆறு ஓடுகிறது. நகரின் வடக்கே, வசீராபாத் பக்கம், ஆற்றங்கரையில் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. உப்புப் பூத்த மண்.

2002-ஆம் ஆண்டு அங்கே பூங்கா வேலை தொடங்கியது. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன. முதலில் புல்லும், மண்ணுக்குச் சத்துத் தரும் செடிகளும் வளர்த்தார்கள். நாம் வயலில் சணப்பு விதைத்து மடக்கி உழுகிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே வழிதான். மண் தேறியது. மரங்கள் வளர்ந்தன. குளமும் வந்தது. அதுதான் யமுனை பல்லுயிர்ப் பூங்கா.

அங்கே ஊஞ்சலைத் தேடாதீர்கள். நடக்கப் பாதை உண்டு. குளிர்காலத்தில் வெகுதூரத்தில் இருந்து வாத்துகள் வரும். ஒரு வகை வாத்துக்கு அலகு நல்ல சிவப்பு. சத்தம் போட்டால் எல்லாம் பறந்துவிடும்.

2016 நவம்பரில் அங்கே ஒரு காலடித் தடம் தெரிந்தது. நாய் நடந்தால் நகமும் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். ஆமாம், வந்தது சிறுத்தை! கேமராவிலும் படம் விழுந்தது.

காடு திரும்பிவிட்டது என்று விஞ்ஞானிகள் மகிழ்ந்தார்கள். பக்கத்து ஊர் மக்கள் பயந்தார்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு, பயம் வராதா? அது மனிதர் யாரையும் தாக்கவில்லை. ஆனாலும் டிசம்பரில் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். சிவாலிக் மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வகுப்பில் பேசுங்கள். பிறகு ஐந்து வரி எழுதுங்கள்.