புவிவெப்பத் தேடலும் அரசின் கடமையும்

முன்னுரை

கிணறு வெட்டுவோர் நீரோட்டம் பார்த்தே வெட்டத் தொடங்குகின்றனர். ஆயினும் நீர் காணாது வெறும் பாறையைக் கண்டு நிற்பாரும் உளர். அந்நிலையில் கடன் ஒன்றே எஞ்சும். மண்ணுக்குள் வெப்பத்தைத் தேடுவோர் நிலையும் இதுவேயாகும். அவ்விழப்பை ஏற்க வேண்டியவர் யாவர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தேடலின் இடர்

பூமியின் ஆழத்தே வெப்பமுற்ற பாறைகளிடையே தங்கியுள்ள நீரை ஆழ்துளைக் கிணறுகள் வழியே வெளிக்கொணர்ந்து, அதன் ஆவியால் சுழலிகளை இயக்கி மின்சாரம் பெறுகின்றோம். வெயிலையும் காற்றையும் எதிர்பாராது இரவும் பகலும் கிடைத்தல் இவ்வாற்றலின் சிறப்பாகும். எனினும் வெப்பம், நீர், நீர் ஊடுருவும் பிளவுகள் ஆகிய மூன்றும் ஓரிடத்தே அமைதல் வேண்டும். அமைந்துள்ளனவா என்பதைத் துளையிட்ட பின்னரே உறுதியாக அறிய முடியும். துளையிடுதற்கோ பெரும்பொருள் தேவை. எனவே வங்கிகள் தயங்குதல் இயல்பே.

ஐஸ்லாந்து கண்ட வழி

1970ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்தின் வீடுகளுள் ஏறத்தாழப் பாதி, இறக்குமதி எண்ணெயைக் கொண்டே குளிர் போக்கின. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அந்நாடு புவிவெப்பத் தேடலை விரைவுபடுத்தியது. 1967இல் உருவான தேசிய ஆற்றல் நிதியம் துளையிடுதற்குக் கடன் வழங்கியது. எதிர்பார்த்த பயன் கிட்டாவிடின் அக்கடன் மானியமாக மாற்றப்பட்டது. இன்று அங்கே பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்பத்தால் சூடேற்றப்படுகின்றன.

கென்யா தரும் பாடம்

கென்யாவின் ஒல்காரியாவில் 1956இல் தொடங்கி இரு கிணறுகள் தோண்டப்பட்டன. ஆழத்தில் வெப்பம் மிகுந்திருந்தும் அவை ஆவியை வெளியிடவில்லை, பணி நின்றது. 1970இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அரசு மீண்டும் முயன்றது. 1981இல் 15 மெகாவாட் மின்னாக்கி இயங்கலாயிற்று. 2008இல் ஆய்வுக்கும் துளையிடுதற்கும் எனத் தனி அரசு நிறுவனமே தோற்றுவிக்கப்பட்டது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு புவிவெப்பத்தால் வருவது. தோற்ற கிணறும் அறிவைத் தரும் என்பதை இவ்வரலாற்றால் உணர்கின்றோம். அவ்வறிவு அனைவர்க்கும் பயன்படுவதாதலின், அதன் விலையையும் பொதுநிதி ஏற்றல் முறையே.

எனினும் மற்றோர் இழப்பும் உண்டு. 2014இல் ஒல்காரியா விரிவாக்கத்துக்காக மாசாய் மேய்ப்பர் குடும்பங்கள் வேறிடத்திற் குடியேற்றப்பட்டன. அவர்தம் முறையீடுகளை உலக வங்கியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் விசாரிக்க நேர்ந்தது. துளையிடுவோரின் இழப்பைத் தாங்கும் அரசு, மேய்ச்சல் நிலம் இழப்போரை மறத்தல் அறமன்று.

முடிவுரை

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் உயரத்தில், வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன. 1970களிலேயே அங்கே ஆய்வுக் கிணறுகள் தோண்டப்பட்டன. 2021இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் முன்னோடித் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்தது. 2025 செப்டம்பரில் நடுவணரசு தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் ஆய்வளவில் நின்ற தேடல் இனிப் பயனளவில் வளர வேண்டுமாயின், முதற் கிணற்றின் இழப்பை அரசு ஏற்றல் வேண்டும். அங்கு ஆடு மேய்த்து வாழும் சங்பா மக்களின் இசைவையும் பெறுதல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தவிடத்தே தேடல் நாட்டுக்கு நலமாக விளையும் என்பது நம் துணிபு.