காயமும் வல்லாரையும்

உளி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் வளரும் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகிவிடும் என்பதைப் பால்மரம் வெட்டுவோர் நன்கறிவர். நம் தோலும் அத்தகையதே. மேல்தோல் மட்டும் சிராய்ந்தால் வடுவின்றி ஆறும். வெட்டு அடித்தோலில் ஆழ இறங்கினால் வடு தங்கும்.

வெட்டுப்பட்ட இடத்தை உடல் படிப்படியாகச் செப்பனிடுகிறது. முதலில் குருதி உறைகிறது. வீக்கம் தோன்றிக் கிருமிகள் எதிர்க்கப்படுகின்றன. அடுத்து, கொலாஜன் என்னும் புரதநார் உருவாகிப் பள்ளத்தை நிரப்புகிறது. பின்னர் பல மாதங்கள் அந்நார் சீர்ப்படுகிறது. வீக்கம் நீடித்தாலோ நார் அளவுக்கு மிஞ்சினாலோ வடு தடிக்கும்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்களைச் சோதித்தார். மூடி ஈரமாக வைக்கப்பட்ட காயங்களில், காற்றில் உலர்ந்தவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் புதுத்தோல் படர்ந்தது. இவ்வுண்மையையொட்டிப் பயன்படுவதே 'ஜெல்' எனப்படும் கூழ்க்கட்டு. பெரும்பகுதி நீரைக் கொண்ட இக்கட்டு புண்ணை உலரவிடாது. அகற்றும்போது புதுத்தோலைப் பிய்ப்பதும் அரிது.

இக்கட்டில் மூலிகைச் சத்துகளைச் சேர்க்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அம்மூலிகைகளுள் ஒன்று நம் வல்லாரை. மலாய்க்காரர் பெகாகா என்று பெயரிட்டு உலாமாக உண்பதும் இதுவே. இதிலுள்ள ஆசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு என்னும் பொருள்கள் கொலாஜன் உருவாதலைத் தூண்டி வீக்கத்தைத் தணிப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. தடித்த வடுவிலிருந்து எடுத்த உயிரணுக்களிலோ, மிகுதியான நார் உற்பத்தியை ஆசியாட்டிகோசைடு குறைத்துள்ளது. எனினும் மனிதரிடையே நடந்த சோதனைகள் இன்னும் சிலவே.

அவ்வாறாயின் வல்லாரையை அரைத்துப் புண்ணில் அப்பலாமா? கூடாது. கூழ்க்கட்டில் சேர்வது தூய்மைப்படுத்தி அளவிடப்பட்ட சத்து. கால்வாய் ஓரத்தில் பறித்த இலையிலோ மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும். டெட்டனஸ் என்னும் இசிவு நோயின் கிருமி மண்ணில் வாழ்வது. காப்பித் தூளும் சுண்ணாம்பும் வைத்தலும் ஆகாது.

வெட்டுப்பட்டால் நாம் செய்ய வேண்டியவை இவை:

1. தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்துதல்.

2. ஓடும் நீரில் காயத்தையும், சவர்க்காரமிட்டுச் சுற்றுப்புறத் தோலையும் கழுவுதல்.

3. தூய கட்டால் மூடி வைத்தல்.

4. ஆழமான வெட்டாயின் அன்றே மருந்தகம் சென்று, இசிவுத் தடுப்பூசி கடைசியாகப் போட்ட ஆண்டைக் கூறுதல்.

புண் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதிக்கலாகாது. நீரிழிவுள்ளோர் சிறு புண்ணையும் காட்டிவிட வேண்டும். வல்லாரையைக் கறிக்கு வைத்துக்கொள்வோம். புண்ணை மருந்தகத்தில் காட்டுவோம்.