மங்கிய படத்துக்குக் காரணம் துளையா, வேகமா?

அப்பர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளை எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதும், அந்த ஒளி எவ்வளவு நேரம் சென்சார் மீது விழ ஷட்டர் இடம் தருகிறது என்பதும் சேர்ந்தே ஒரு படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறுவதே எஃப் எண் என்பதால், எண் சிறுத்தால் துளை பெரிதாகும், 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்பது 25 மி.மீ. விட்டமுள்ள துளை. எஃப்/4, 5.6, 8, 11 என ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகிறது. ஷட்டரில் 1/60, 1/125, 1/250 என்னும் வரிசையும் அவ்வாறே. ஆகவே எஃப்/8, 1/250 தரும் வெளிச்சத்தையே எஃப்/4, 1/1000 என்பதும் தரும். ஆனால் இரண்டும் ஒரே படமாக அமைவதில்லை.

அந்த வேறுபாட்டைக் காணச் சொட்டும் குழாய் ஒன்றும், அதற்கு நான்கடி பின்னால் ஒரு பூந்தொட்டியும் போதும். காலை வேளையில், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில், கேமராவை முக்காலியில் பொருத்தி, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் 'எம்' முறையில், சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 400 என நிலைநிறுத்த வேண்டும். தானியங்கி ஐ.எஸ்.ஓ.வை அணைக்காமல் இப்பயிற்சியைத் தொடங்கவே கூடாது. ஷட்டரை இரு மடங்கு மாற்றினாலும் அது தானே வெளிச்சத்தை ஈடுகட்டிவிடுவதால், கற்பவருக்கு எதனால் எது மாறியது என்பது விளங்காமலே போகும்.

குழாயின் வாயில் ஃபோகஸ் செய்து, எஃப்/4, 1/1000 என்பதில் தொடங்கி, துளையை ஒரு படி மூடும்போதெல்லாம் ஷட்டரையும் ஒரு படி தாமதப்படுத்தி, எஃப்/22, 1/30 வரை ஆறு படங்கள் எடுக்கலாம். 20 செ.மீ. விழுந்த துளி விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் செல்வதால், 1/1000 விநாடியில் அது 2 மி.மீ. மட்டுமே நகர்ந்து உருண்டையாகவே பதியும். 1/30இல் 6 செ.மீ.க்கும் மேல் நகர்ந்து கோடாகிவிடும். பின்னாலுள்ள பூந்தொட்டியோ முதல் படத்தில் கரைந்தும் கடைசிப் படத்தில் இலை இலையாகவும் தெரியும். துளை சிறுக்கச் சிறுக்க, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரமான புல ஆழம் கூடுவதே இதற்குக் காரணம். ஆயினும் எஃப்/16ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுவதும் சற்றே கூர்மை இழக்கும் என்பதால், அதனை வழக்கமாக்கிக் கொள்ளலாகாது.

பெரும்பாலோர் இடறுவது இப்பயிற்சிக்குப் பின்னரே. மங்கலான படத்தைக் கண்டதும் காரணத்தை ஆராயாமல் துளையையும் வேகத்தையும் ஒருசேர மாற்றிவிடுகின்றனர். படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, முகம் மங்கியிருக்க அதற்கு முன்னோ பின்னோ உள்ள வேறொரு பொருள் கூர்மையாக இருக்கிறதா என முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது, அல்லது புல ஆழம் போதவில்லை. அசையாத சுவரும் மரமும் தெளிவாக இருக்க, நடந்தவர் மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் தாமதமானது. 1838இல் பாரிஸின் ஒரு பெருவீதியை ஒளிப்படக்கலை முன்னோடி டாகெர் பல நிமிட ஒளிப்பதிவில் எடுத்தபோது, நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் மறைந்துபோக, காலணியைத் துடைத்துக்கொள்ள நின்றிருந்த ஒருவர் பதிந்ததும் இதே இயல்பால்தான். அசையாதவையும் உட்படப் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டு, விளக்குப் புள்ளிகள் சிறு கோடுகளாகியிருந்தால், குற்றம் கேமராவைப் பிடித்த கையினுடையது.

கையில் பிடித்து எடுக்கையில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 என்பதற்குக் கீழே இறங்கக் கூடாது; சென்சார் முழுச்சட்டகத்தைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி அளவினதாயின் இவ்வேகத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும். லென்ஸிலுள்ள அசைவுத் தடுப்பு கைநடுக்கத்தைக் குறைக்குமேயன்றி, ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/500 அல்லது அதனினும் விரைவான ஷட்டரே வேண்டும். வெளிச்சம் போதாவிடில் ஷட்டரைத் தாமதப்படுத்தாமல் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதே முறை. அதனால் தோன்றும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பின்னர் மென்பொருளில் பெருமளவு குறைத்துக்கொள்ள முடியும்.